கறுப்பு நாலும் நடுவில்

அவன் சுவிச்சில் கை வைக்கமாட்டான். எல்லாம் பூட்டி முடிந்திருக்கும். ஆணிகள் இறுக்கியிருக்கும். சில நாளில் வெளியே ஜெனரேற்றர்கூட ஓடிக்கொண்டிருக்கும். ஆனாலும் எழும்பி, கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். வாத்தியாரிடம் கணக்குக் கொப்பியைக் கொடுத்துவிட்டு நிற்கிற பிள்ளையைப் போல இருக்கும். பிறகு என்னைக் கூப்பிடுவான்.

"அக்கா, ஒருக்கா வந்து பாருங்கோ."

நான் கையில் இருக்கும் செப்புக் கம்பியைக் கீழே வைத்துவிட்டுப் போவேன். குனிந்து பார்ப்பேன். நிமிர்ந்து, திரும்பவும் குனிந்து பார்ப்பேன். நான் "சரி" என்று சொன்ன பிறகுதான் அவனுடைய கைகள் முதுகிலிருந்து வெளியே வரும்.

"விடுவமே அக்கா?"

"விடுங்கோ தம்பி."

அவன் வாய்க்குள் பிஸ்மில்லா சொல்லுவான். நான் மனதுக்குள் முருகா என்பேன். சுவிச்சு விழும். எங்கள் முதலாளி பின்னால் நின்றுகொண்டு, "இரண்டு வீட்டுச் சாமியையும் கூப்பிட்டாச்சு, இனி எரியாது" என்பார்.

சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் போகிற ஒழுங்கையில் இருந்தது அந்தக் கடை. வெங்காயத் தோட்டக்காரர்கள் எரிந்துபோன இறைக்கிற மோட்டர்களைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவார்கள். அவற்றின் கருகின கம்பியைக் கழற்றிவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவது என் வேலை. ஏழாம் வகுப்போடு நின்ற எனக்கு அது தோதான வேலைதான். வாயால் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, சுற்று பிசகாமல் எண்ணினால் போதும். முன்பக்கத்தில் றேடியோவும் ரீவியும் திருத்துவார்கள். ஊரில் கொம்பியூட்டர் வகுப்பு என்று ஒன்றிரண்டு முளைத்தபோது, முதலாளி கொழும்பிலிருந்து பாகம் பாகமாக எடுப்பித்துக் கொம்பியூட்டரும் பூட்டிக் கொடுக்கத் தொடங்கினார். அந்த வேலைக்குத்தான் அவன் வந்தான். யாழ்ப்பாணப் பட்டணத்துச் சோனகதெருவிலிருந்து ஒவ்வொரு நாளும் சைக்கிளில் வருவான். என்னைவிடப் பத்து வயதாவது இளையவன். ஒல்லி. மணியில்லாத சைக்கிள். முன்னுக்கு ஆள் வந்தால் மணிக்குப் பதிலாகச் செருமுவான்.

அந்த வயர் விஷயத்தை நான் சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் அவனைச் சொல்ல முடியாது.

கொம்பியூட்டருக்குள் ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். சுவரிலிருந்து வரும் கறண்டை வாங்கிச் சாதுவாக்கி உள்ளே கொடுப்பது அதன் வேலை. பவர் சப்ளை என்பார்கள். அந்தப் பெட்டியிலிருந்து வருகிற வயர்களில் இரண்டு கற்றைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஆறு வயர். நுனியில் ஒரே மாதிரியான இரண்டு பிளக். அவை இரண்டும் மதர்போட் என்கிற பெரிய பலகையில் பக்கத்தில் பக்கத்தில் போய் இருக்க வேண்டும். ஆனால் எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று அந்தப் பிளக்குகளுக்கே தெரியாது. மாற்றிக் குத்தினாலும் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விடும். எங்களுக்கு இருந்த ஒரே அடையாளம் நிறம். ஒவ்வொரு பிளக்கிலும் ஒரு கரையில் இரண்டு கறுப்பு வயர். சரியாகப் பூட்டினால் இந்த இரண்டும் அந்த இரண்டும் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டு நிற்கும். பிழையாகப் பூட்டினால் கறுப்பு ஆளுக்கொரு கரைக்குப் போய்விடும். அப்படியே சுவிச்சைப் போட்டால் பலகை கருகிவிடும். வேறு பலகை வாங்க வேண்டுமென்றால் கொழும்புக்குப் போக வேண்டும். அந்த நாளில் கொழும்பு எங்கே இருந்தது என்று எங்களுக்குத்தான் தெரியும்.

இவனுக்கு முன்பு வேலை செய்தவன் அப்படி ஒன்றை எரித்துப்போட்டான். புளியங்கொட்டை கருகின மாதிரி ஒரு மணம் கடை முழுக்க நின்றது. முதலாளி சத்தம் போடவில்லை. "நாளைக்கு நீ வரத் தேவையில்லை" என்று மட்டும் சொன்னார். அந்த மணம் கனநாள் என் மூக்கில் இருந்தது.

முதல்முறை அவன் என்னைக் கூப்பிட்டபோது நான் பயந்துவிட்டேன்.

"எனக்கு உதுகள் ஒண்டும் தெரியாது தம்பி."

"கறுப்பு எது எண்டு தெரியும்தானே?"

"அது தெரியும்."

"அது காணும். நாலும் நடுவிலை நிக்குதோ எண்டு மட்டும் சொல்லுங்கோ."

நின்றது. சொன்னேன். ஆனால் சொன்ன பிறகு எனக்குச் சந்தேகம் வந்து, "பொறுங்கோ, பொறுங்கோ" என்று திரும்பவும் பார்த்தேன். மற்றவர்கள் என்றால் சிரித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் என் யோசினை ஒரு பகிடிப் பொருள். படலையைக் கொளுவிவிட்டுப் படுத்தால், கொளுவினேனா என்று எழும்பிப் போய்ப் பார்ப்பேன். அடுப்பை அணைத்துவிட்டு அதற்கு முன்னால் நின்றுகொண்டிருப்பேன். என் கூடப்பிறந்த தம்பியின் மனைவி, "மச்சாள், நீங்கள் முறைக்கிற முறையிலை அணைஞ்ச அடுப்பு திரும்பப் பத்தப்போகுது" என்பாள். அம்மா, "அவளுக்கு உலகம் முழுக்க நெருப்புப் பிடிச்சிருக்கு" என்பா. அவன் சிரிக்கவில்லை. நான் பார்த்து முடியும்வரை முதுகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"முதலாளியைக் கேக்கலாமே தம்பி?" என்று ஒருநாள் கேட்டேன். "நான் என்ன கண்டன்?"

"கேட்டுப் பாத்தனான். முதலாளி எட்டிப் பாத்திட்டு ஓம் எண்டுவார். சாமான் எடுக்க வாற மாஸ்டர் பாக்காமலே ஓம் எண்டுவார். நீங்கள்தான் பயந்து பாக்கிறியள். எனக்குப் பயந்து பாக்கிற கண்தான் வேணும்."

என் பயத்துக்கு ஒரு உபயோகம் இருக்கிறது என்று எனக்குச் சொன்ன முதல் ஆள் அவன்தான்.

அவனுடைய மற்றப் பழக்கங்களும் அந்த மாதிரித்தான். எதையும் கண்ணால் பார்த்து முடிவெடுக்கமாட்டான். றேடியோவுக்குள் இருக்கிற சின்னச் சின்ன உதிரிகளில் நிறக் கோடுகள் இருக்கும், அந்தக் கோட்டைப் பார்த்து அளவு சொல்லிவிடலாம். அவன் ஒவ்வொன்றையும் மீற்றரில் வைத்து அளந்துதான் எடுப்பான். "கண்ணை மூடிக்கொண்டும் செய்வான் உவன், ஆனாலும் அளந்துதான் வைப்பான். உதுதான் தொழில்" என்று முதலாளி வந்தவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொல்லுவார். அவன் தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்வான்.

கறண்டைப் பற்றி அவன் ஒருவிதமாகக் கதைப்பான், வீட்டுக்கு வந்த மாமனைப் பற்றிச் சொல்லுகிற மாதிரி. "கறண்ட் பொல்லாதது இல்லை அக்கா. காட்டின வழியாலை போகும். பிழையான வழியைக் காட்டிப்போட்டு, எரிச்சுப்போட்டுது எண்டு அதையே பேசுறம்."

நோன்பு மாதத்தில் பகலெல்லாம் தண்ணீர்கூடக் குடிக்காமல் குனிந்திருப்பான். மறுநாள் காலை ஒரு தூக்குச்சட்டியில் எனக்குக் கஞ்சி கொண்டுவருவான். "உம்மா தந்துவிட்டவ. அக்காவுக்கு உறைப்புக் குறைச்சு எண்டு சொல்லித்தான் தந்தவ." பொங்கலுக்கு நான் புக்கை கொண்டுபோவேன். அவன் அதைக் கடையில் தின்னமாட்டான், வீட்டில் தங்கச்சிமாருக்கு என்று பொதிந்து கட்டுவான். "உந்தச் சோனகப் பெடியன்ரை கதைதான் மச்சாளின்ரை வாயிலை எந்தநேரமும்" என்று தம்பியின் மனைவி ஒருமுறை குத்தினாள். பிறகு நான் வீட்டில் அவனைப் பற்றிக் கதைப்பதைக் குறைத்துக்கொண்டேன். நினைப்பதைக் குறைக்கவில்லை. அதற்கு என்ன பெயர் என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஒரு ஆள் தன்னுடைய பிழைப்பைத் தூக்கி என் கண்ணுக்கு முன்னால் வைத்துவிட்டு, நீ சொல் என்று நிற்கிறான். அப்படி ஒருவரும் என்னிடம் நின்றதில்லை.

அவன் ஏன் நின்றான் என்பது ஒரு மத்தியானம்தான் தெரிந்தது.

மோட்டரில் கம்பியை இழுத்து இறுக்கும்போது அது நழுவி என் உள்ளங்கையைக் கீறிவிட்டது. ஆழமான கீறல். துணி தேடி எழும்புவதற்குள் சீமேந்துத் தரையில் இரத்தம் கொட்டிவிட்டது. அந்தநேரம் அவன் இரண்டு கையிலும் தேத்தண்ணிக் கோப்பையோடு உள்ளே வந்தான். தரையைப் பார்த்தான். காலைத் தூக்கி அகலவைத்துத் தாண்டினான்.

"ஆர் உதிலை ஒயிலை ஊத்தினது? வழுக்கி விழப்போறியள் அக்கா."

பகிடி விடுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு அவனுடைய முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. என் கையில் சுற்றின வெள்ளைத் துணியையும், அதில் ஊறிவருகிற ஈரத்தையும் அவன் அப்போதுதான் கண்டான். கோப்பைகளை வைத்தான். தரையைத் திரும்பிப் பார்த்தான்.

"ரத்தமோ அக்கா?"

"ஓம்."

அவன் என் பக்கத்தில் குந்தி இருந்து, துணியைப் பிரித்து இறுக்கிக் கட்டிவிட்டான். பிறகு மெல்லச் சொன்னான்.

"எனக்குச் சிவப்புத் தெரியாது அக்கா. கறுப்பும் அதுவும் ஒண்டுபோலைதான் கிடக்கும். நல்ல வெளிச்சமெண்டால் கொஞ்சம் பிரியும். உங்கை கடைக்குள்ளை பிரியாது."

அந்தப் பிளக்குகளில் கறுப்போடு கூட இருப்பது அதிகமாகச் சிவப்புத்தான்.

"அப்ப இவ்வளவு நாளும் எப்பிடிப் பூட்டினீங்கள்?"

"ஒரு பிளக்கிலை வெள்ளை வயர் ஒண்டு நிக்கும். அதுக்கு ஒரு பக்கம் இரண்டு வயர், மற்றப்பக்கம் மூண்டு. இரண்டு நிக்கிற பக்கம் கறுப்பு. மற்றப் பிளக்கிலை நீலத்துக்குப் பக்கத்திலை. அப்பிடித்தான். ஆனால் எங்கையாவது மாத்தி வந்திட்டால் எண்டு பயம். அதுதான் உங்களைக் கூப்பிடுறது."

பிறகு அவனாகவே சொன்னான். சின்ன வகுப்பில் செவ்வரத்தம்பூ கீறச் சொன்ன வாத்தியார், இவன் பூவுக்கும் கறுப்புச் சோக்கைத் தீட்டினதைப் பார்த்துவிட்டு விரல் மொளியில் அடித்தாராம். அவனுடைய வாப்பா தையற்காரர். இவனும் அந்தத் தொழிலைத்தான் பழகினான். ஒருநாள் கலியாணத்துக்குத் தைத்த சிவப்புச் சட்டையின் கரையைக் கறுப்பு நூலால் அடித்துவிட்டான். வாப்பா அடிக்கவில்லை, பேசவில்லை. இருந்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தாராம். பிரித்து முடித்துவிட்டு, "நீ வேறை தொழில் பார் மகன்" என்றாராம். இப்போது வாப்பாவுக்குக் கண் மங்கல், தையலும் குறைவு. இவன் கொண்டுபோவதில்தான் வீடு ஓடுகிறது.

"முதலாளிக்குத் தெரிஞ்சால் நாளைக்கு வரவேண்டாம் எண்டுவார். சொல்லிப்போடாதேங்கோ அக்கா."

"நான் ஆருக்குச் சொல்லப்போறன்."

தேத்தண்ணி ஆறிவிட்டது. அவன் கொம்பியூட்டரைக் காட்டிக் கேட்டான்.

"உந்தச் சுவிச்சு என்ன நிறம்?"

"சிவப்பு."

"அதுவுமோ? நான் கறுப்பு எண்டு நினைச்செல்லோ இவ்வளவு நாளும் அமத்தினன்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கின பிறகு, "சிவப்பு எப்பிடி அக்கா இருக்கும்?" என்று கேட்டான். யோசித்துப்போட்டு, "மிளகாயைக் கடிச்சால் நாக்கிலை ஒண்டு ஏறுமெல்லோ, அதைக் கண்ணாலை பாக்கிற மாதிரி" என்றேன்.

"அப்ப எனக்கு உறைக்காத மிளகாய்" என்றான்.

சில நாள் கழித்து, எங்கள் வீட்டுச் சம்பலோடு இடியப்பம் கொண்டுபோனேன். ஒரு வாய் வைத்தவன் கண்ணில் தண்ணீர் வந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, இண்டைக்குச் சிவப்பைக் கண்டன்" என்றான்.

அதற்குப் பிறகு எனக்கு இன்னொரு யோசினை கூடிவிட்டது. நான் ஒருநாள் வராவிட்டால்? எனக்குக் காய்ச்சல் வந்தால்? சைக்கிளுக்குக் காற்றுப் போனால்? அம்மாவுக்கு நெஞ்சுவலி என்ற நாளில்கூட, கடையில் பலகை ஏதும் பூட்டக் கிடக்கிறதா என்று மனம் போகும். ஆனால் அந்த யோசினை மற்ற யோசினைகளைப் போல இருக்கவில்லை. அது எனக்கென்று ஒரு இடம் வைத்திருந்தது.

பிறகு சண்டை திரும்பத் தொடங்கின வருடம். கறண்ட் நின்றுபோனது. மின்சார நிலையம் இருக்கிற சுன்னாகத்திலேயே விளக்குத் திரிதான் எரிந்தது. மீற்றருக்குப் போட பற்றரி இல்லை. வகுப்பு நடத்துகிற மாஸ்டர் ஒருவர் மட்டும் விடவில்லை. ஜெனரேற்றரைக் கொஞ்சப் பெற்றோலில் தொடக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டி, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய கொம்பியூட்டரின் வயர்களை எலி கடித்துவிட்டது. முதலாளி அந்தப் பவர் சப்ளையை ஊரில் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வயர் மாற்றுவித்தார். அவர் கவனமான ஆள், ஒன்றை வெட்டி ஒன்றை ஒட்டித்தான் மாற்றினார். ஆனால் வயருக்கு எங்கே போவது? பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றின வயர்தான் அவரிடம் இருந்தது. கறுப்புக்குக் கறுப்பு. மற்ற எல்லாவற்றுக்கும் சிவப்பு. வெள்ளையும் இல்லை, நீலமும் இல்லை.

அந்தப் பெட்டி கடைக்கு வந்த காலை நான் வழியில் மாட்டிக்கொண்டேன். மேலே ஹெலி சுற்றிக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாத ஒரு வீட்டுப் பங்கருக்குள் நானும் ஒரு கிழவனும் ஒரு ஆட்டுக்குட்டியும் இருந்தோம். கிழவன் என்னைப் பார்த்து, "ஏன் பிள்ளை நடுங்கிறாய், உது போயிடும்" என்றார். நான் ஹெலிக்கு நடுங்கவில்லை.

கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்பக்கத்தில் ஜெனரேற்றர் ஓடுகிற சத்தம் கேட்டது. மாஸ்டர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு தன்னுடைய மண்ணெண்ணெய் கரைவதைக் கேட்டுக்கொண்டு நின்றார். முதலாளியின் முகம் உப்பிக் கிடந்தது. அவன் முதுகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"வா பிள்ளை, வா" என்றார் முதலாளி. "எல்லாம் பூட்டிப்போட்டு நிக்கிறான். போடடா சுவிச்சை எண்டால், அக்கா வரட்டுமாம். ஏன், நீ வந்து சொன்னால்தான் கறண்ட் பாயுமோ? இல்லை உவனுக்குக் கண் தெரியாதோ?"

கடைசிக் கேள்வி சும்மா கேட்டதுதான். ஆனால் அவனுடைய காது மடல் அசைந்ததை நான் கண்டேன்.

"அவரிலை பிழை இல்லை முதலாளி" என்றேன். "நான்தான் சொல்லி வைச்சனான், நான் பாக்காமல் விடவேண்டாமெண்டு. பாக்காட்டில் எனக்கு நித்திரை வராது. வீட்டிலை கேட்டுப்பாருங்கோ, என்ரை விசர் தெரியும்."

மாஸ்டர் சிரித்தார். முதலாளியும் தலையை ஆட்டினார். "உன்ரை விசருக்கு மாஸ்டரின்ரை மண்ணெண்ணெய். பார், பார், கெதியாப் பார்."

குனிந்தேன். கறுப்பு இரண்டு இடப்பக்கக் கரையில் நின்றது. மற்ற இரண்டு வலப்பக்கக் கரையில் நின்றது. நடுவெல்லாம் சிவப்பு.

பிழை என்று சொல்ல ஏலாது. ஏன் பிழை, எப்படிப் பிழைத்தது, நிறம் தெரியாதோ என்று ஒன்றிலிருந்து ஒன்று வரும். முதலாளி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்.

"தம்பி, உது இரண்டும் இறுக்கமில்லை" என்றேன். "ஒருக்கா கழட்டிப் பூட்டுங்கோ."

அவன் என்னைப் பார்த்தான். ஒரு கணம்தான். பிறகு முன்னுக்கு வந்து, இரண்டையும் கழற்றினான். கையில் வைத்து ஊதினான், தூசி தட்டுகிறவன் மாதிரி. ஊதிக்கொண்டே ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்து அழுத்தினான். பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

நான் திரும்பவும் குனிந்தேன். கறுப்பு நாலும் நடுவில்.

"சரி" என்றேன்.

"விடுவமே அக்கா?"

சுவிச்சு விழுந்தது. திரையில் எழுத்து வந்தபோது மாஸ்டர் கைதட்டினார். "பாத்தியளோ, இறுக்கம் பாத்தது நல்லதாப் போச்சு" என்றார் முதலாளி. அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது அவன் தன்னுடைய சைக்கிளை உருட்டிக்கொண்டு ஸ்ரேசன் சந்திவரை என்னோடு நடந்து வந்தான். பிரிகிற இடத்தில், "இனி இறுக்கமில்லை எண்டால் எனக்கு விளங்கும் அக்கா" என்றான். செருமிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனான்.

அந்த ஐப்பசியில் மழை பிந்தித்தான் வந்தது. மாஸ்டருக்கு இன்னொரு கொம்பியூட்டர் பூட்ட வேண்டியிருந்தது. யாரோ மடியில் வைத்துக் கொண்டுவந்த புதுப் பலகை. அன்றைக்கு அவன் காலையிலேயே வந்து வேலையைத் தொடங்கிவிட்டான். நான் மோட்டரோடு இருந்தேன். கதிரை பின்னால் போகிற சத்தம் கேட்டது. கூப்பிடப்போகிறான் என்று கம்பியைக் கீழே வைத்தேன்.

அப்போதுதான் அவனுடைய தம்பி சைக்கிளை ஒழுங்கையில் போட்டுவிட்டு ஓடி வந்தான். மூச்சு வாங்கினது.

"நானா, வாப்பா உடனை வரட்டாம். எங்கடை ஆக்கள் எல்லாரையும் ஒரு இடத்திலை வந்து கூடட்டுமாம். ஒலிபெருக்கியிலை சொல்லிக்கொண்டு போறாங்கள்."

"என்னத்துக்காம்?"

"தெரியாது நானா. நீ வா."

அவன் சேட்டுக் கையை இறக்கிவிட்டான். ஸ்குரூட்ரைவரைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தான். முதலாளி சந்தைப் பக்கம் போயிருந்தார்.

"அக்கா, இரண்டையும் குத்திப்போட்டன். நீங்கள் பாத்து வையுங்கோ. நான் ஒருக்காப் போட்டு வாறன்."

"ஓம், போட்டு வாங்கோ."

ஒழுங்கை திரும்பும்போது செருமினது கேட்டது. யாரோ எதிரே வந்திருக்க வேண்டும்.

நான் போய்ப் பார்த்தேன். குனிந்து, நிமிர்ந்து, திரும்பக் குனிந்து. கறுப்பு நாலும் நடுவில் நின்றது. சொல்லத்தான் ஆள் இல்லை. முதுகில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற அந்த இடத்தில் கதிரை மட்டும் இருந்தது.

முதலாளி வந்து, "என்ன, இன்னும் விடேல்லையோ?" என்றார்.

"தம்பி வரட்டும் முதலாளி."

மத்தியானம் போய்விட்டது. பின்னேரம் சந்தையிலிருந்து வந்தவர்கள் கதைத்துக்கொண்டு வந்தார்கள். துவக்கு வைத்திருந்தவர்கள் பட்டணத்து முஸ்லிம் சனம் எல்லோரையும் உடனே வெளிக்கிடச் சொல்லிவிட்டார்களாம். ஒன்றும் கொண்டுபோக விடவில்லையாம். கழுத்தில் காதில் கிடந்ததையும் கழற்றி வாங்கினார்களாம். லொறிகளிலும் கால்நடையாகவும் சனம் தெற்குப் பக்கம் போகிறதாம். முதலாளி கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து, அவனுடைய கதிரையில் இருந்து, கனநேரம் தன்னுடைய உள்ளங்கையைப் பார்த்தார்.

"எங்கடை பெடியன்" என்றார். அவ்வளவுதான்.

அடுத்தநாள் நான் சோனகதெருவுக்குச் சைக்கிளில் போனேன். பயந்த நான் எப்படிப் போனேனோ தெரியாது. தெரு வாசலில் ஆட்கள் நின்று, உள்ளே போக விடவில்லை. "ஆரைப் பாக்கப் போறியள்? உங்கை ஒருத்தரும் இல்லை" என்றார்கள். உள்ளே எங்கோ ஒரு வீட்டில் சேவல் கூவிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தேன்.

ஒரு கிழமை கழித்து மாஸ்டர் வந்தார். ஜெனரேற்றரைத் தொடக்கினார்கள். முதலாளி என்னைப் பார்த்தார்.

"பாத்தனியே பிள்ளை?"

"பாத்தனான்."

"சரியோ?"

தலையை ஆட்டினேன். அவரே சுவிச்சைப் போட்டார். திரையில் எழுத்து ஒழுங்காக வந்தது. பிழையில்லாமல் பூட்டியிருந்தான் என்பதற்கு அதைவிட என்ன வேண்டும். நான் மோட்டருக்குத் திரும்பிப் போனேன். எண்ணின சுற்று மறந்துபோயிருந்தது. பிரித்துத் திரும்பவும் சுற்றினேன்.

அதற்குப் பிறகு கடையில் யாரும் கொம்பியூட்டர் பூட்டவில்லை. ஐந்து வருடம் கழித்து, ஆமி நெருங்கி வர, எங்கள் வலிகாமப் பக்கமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த நாளில், அந்தச் சனத்துக்குள் அம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் நடந்தேன். படலையைக் கொளுவினேனா என்று யோசித்தேன். அவனுடைய ஆட்களும் இப்படித்தான் நடந்திருப்பார்கள் என்றும் யோசித்தேன். எங்களுக்கு மூட்டை கட்டவாவது விட்டார்கள்.

கன வருடத்துக்குப் பிறகு என் தம்பியின் மகன் எங்கள் வீட்டில் கொம்பியூட்டர் ஒன்றைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். இரண்டு பிளக் இருந்த இடத்தில் பெரிதாக ஒன்றே ஒன்று.

"உது மாறிப் போகாதோ?" என்று கேட்டேன்.

"இல்லை மாமி. ஒரு பக்கம்தான் போகும். பிழையாக் குத்த ஏலாது."

எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. இவ்வளவு காலமும் எந்த ஊரில், எந்தக் கடையில், யாரை வைத்துப் பார்ப்பிக்கிறானோ என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சனம் போய்ச் சேர்ந்த புத்தளத்து அகதிக் கொட்டிலில் பயந்து பார்க்கிற ஒரு கண் அவனுக்குக் கிடைத்திருக்குமா? இனி அவனுக்கு ஒருவரும் வேண்டாம். நிம்மதிதான். ஆனால் அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது சோனகதெருவுக்குச் சில குடும்பங்கள் திரும்பி வந்திருக்கின்றன. போய்க் கேட்டுப் பார்த்தேன். தையற்காரர் புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டார் என்றார்கள். மகன் வெளிநாடு போனதாக ஒருவர் சொன்னார். கொழும்பில் ஏதோ கடையில் கண்டதாக இன்னொருவர் சொன்னார். பெயரைச் சொல்லிக் கேட்டதற்கு, அந்தப் பெயரில் கனபேர் இருந்தார்கள் என்றார்கள். எனக்கு வேறு அடையாளம் சொல்லத் தெரியவில்லை. சுவிச்சைப் போடமுன்னம் முதுகில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான் என்று சொன்னால் யாருக்கு விளங்கும்.

அன்றைக்கு அவன் கேட்டுவிட்டுத்தான் போனான். நான் பார்த்தேன் தம்பி. வடிவாகப் பார்த்தேன். கறுப்பு நாலும் நடுவில்தான் நின்றது.

சரி.